வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்



துபாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தட்டினால், சுமார் 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று வந்து விழுகிறது. சாத்தான்குளத்தில் மகனுக்காகக் காத்திருக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு எந்த மூலைக்கு?

மூணு மணி நேரம் முன்னதாகவே அவன் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். இறங்கியதும் இமிக்ரேஷன் வரிசை. பெல்ட்டில் எல்லோருடைய பெட்டியும் வந்த பிறகுதான் நம்முடைய பெட்டி வரும். அது என்னவோ அப்படித்தான். அப்புறம் மார்த்தாண்டம், நாகர்கோவில், வள்ளியூர், திசையன்விளை என்று கார் வந்துசேர இன்னொரு நாலு மணி நேரம்.

மேப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் திருவனந்தபுரம் ஏர்போர்ட் நமக்கு 110 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறதே! விமானம் தாண்டிவிடும். கார் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

பக்கத்து வாகைகுளத்தில் 2025 ஜூலையில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புது டெர்மினலைத் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ரன்வே 3,115 மீட்டராகிவிட்டது. அந்தக் குட்டை ரன்வேயில் சின்ன ஏடிஆர் விமானம்தான் இறங்க முடிந்தது. பெரிய ஜெட்டுக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது. சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர், ஏடிஆரில் ஒன்றரை மணி நேரம். (சென்னைக்கு மட்டும் என்றால் என் ஓட்டு செந்தூர் எக்ஸ்பிரஸுக்குத்தான். நாசரேத்தில் ஏறிப் படுத்தால் ராத்திரி தூக்கத்திலேயே பாதி தூரம் போய்விடும்.)

வெளிநாட்டுக்கு இங்கிருந்து நேரடி விமானம் இன்னும் வரவில்லை. கொழும்பு சென்னையைவிடப் பக்கம். வானத்தில் 300 கிலோமீட்டர்கூட இல்லை. நம் தாத்தாக்கள் தூத்துக்குடியில் கப்பலேறி ஒரு ராத்திரியில் போன ஊர். இன்று தூத்துக்குடியிலிருந்து அங்கே பறக்க, முதலில் வடக்கே சென்னை மாதிரி வேறு ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும்!

ஆகவே டிக்கெட் விலை ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று உடனே எடுத்துவிடாதீர்கள். கார் வாடகை, வழிச் சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். சென்னையில் மாறிப் போவதென்றால் இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் லேட்டானால், இரண்டாவது டிக்கெட் பணம் போனது போனதுதான்.

இன்னொன்று, நேரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே இரவு 10 மணிக்குக் கிளம்புகிறவன் இங்கே அதிகாலை 3.30-க்கு இறங்குவான். ஐந்தரை மணி நேரம் பறந்தான் என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

தேதியையும் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து 15-ம் தேதி அதிகாலை 1.20-க்கு விமானம் என்றால், 14-ம் தேதி சாயங்காலம் 5 மணிக்கே வீட்டு வாசலில் கார் நிற்க வேண்டும். 15-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினால்? அதற்குள் அந்த விமானம் துபாய் போய்த் திரும்பியே வந்திருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்