பாடம் சொன்ன சின்ன மருது... படையோடு வந்த சீடன்! - ஒரு வளரியின் கதை

பண்ருட்டியை ஒட்டியிருக்கிறது திருவதிகை. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால், வீரட்டானேசுவரரைத் தரிசித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஈசன் வில்லேந்தி முப்புரம் எரித்த தலம், அப்பரின் சூலை நோய் தீர்ந்த தலம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தக் கோயில் ஒரு காலத்தில் போர்க்கோட்டையாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

கர்நாடகப் போர்கள் நடந்த காலம் அது. 1750 முதல் 1753 வரை பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் திருவதிகையை மாறி மாறிப் பிடித்தார்கள். புதுச்சேரி ஒரு பக்கம், கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டை இன்னொரு பக்கம். நடுவில், உயரமான மதில்களோடு இந்தக் கோயில். இரண்டு தரப்புக்கும் இது தேவைப்பட்டது. 1753-ல் ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இங்கேதான் பாளையம் இறங்கியிருந்தார். திருச்சிக் கோட்டையில் உணவு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று தகவல் வந்ததும், படையோடு அங்கே விரைந்தார்.

அதே திருச்சிக்கு, அதற்கு முந்தைய ஆண்டே புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயருக்குத் துணையாக ஆட்களை அனுப்பியிருந்தார். 400 குதிரைகள், 3,000 கள்ளர்கள். சீருடை கிடையாது, அணிவகுப்பு கிடையாது. ஊரில் உழவும் காவலும் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் ஆயுதத்தோடு வந்து நிற்கும் ஊர்ப்படை. ஆங்கிலேயர்கள் இவர்களை 'கொல்லரி' என்று தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். இவர்கள் கையிலிருந்த வளைந்த தடிக்கும் 'கொல்லரித் தடி' என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தத் தடிதான் வளரி!

காலைக் குறிவைக்கும் தடி

பிறை வடிவம். ஒரு முனை கனமாக இருக்கும். மறு முனை மெலிந்திருக்கும். மெலிந்த முனையைப் பிடித்து, சுழற்றி வீச வேண்டும். மரத்தில் செய்தார்கள், இரும்பிலும் செய்தார்கள். வளைதடி என்றும் இதற்குப் பெயர் உண்டு.

வீசியவர் கைக்கே இது திரும்பி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பூமராங்கை சினிமாவில் பார்த்த நினைப்பு அது. உண்மையில், ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வேட்டைக்குப் பயன்படுத்திய பூமராங்குகளும் பெரும்பாலும் திரும்பி வராதவைதான். வளரியின் வேலை, போய் அடிப்பது. ஓடும் முயலையோ மானையோ வீழ்த்தவும், தப்பியோடும் திருடனின் காலைப் பார்த்து வீசி அவனைக் கீழே தள்ளவும் இது உதவியது.

திருடனைப் பிடிப்பதற்கும் ஊர்ப்படைக்கும் என்ன சம்பந்தம்? அன்றைய தென் மாவட்டங்களில் காவல்தான் இந்தப் படையின் அன்றாட வேலை. ஊரைக் காப்பது தலங்காவல், ஒரு வட்டாரத்தையே காப்பது தேசகாவல். இதற்காக ஊரார் விளைச்சலில் பங்கு கொடுப்பார்கள். களவு போன பொருளை மீட்க முடியாவிட்டால், காவல்காரர்தான் இழப்பீடு தர வேண்டும். ஆகவே, திருடனை உயிரோடு பிடிப்பதுதான் அவருக்கு லாபம். காலைக் குறிவைக்கும் தடி அதற்குத் தோதானது. போர் வந்தால், அதே ஆள் அதே தடியோடு பாளையக்காரரின் படையில் நிற்பார்.

சிறுவயலில் ஒரு சீடன்

வளரியைப் பற்றி நேரில் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர், கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1795-ல் இளம் அதிகாரியாக இருந்தபோது சிவகங்கைச் சீமையில் சின்ன மருதுவோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. சின்ன மருது அப்போது சிறுவயல் அரண்மனையில் இருந்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று வெல்ஷ் எழுதியிருக்கிறார். பழகிய கையில் வளரி 100 கஜம் தூரத்துக்குள் குறி தப்பாது என்பதும் அவர் தரும் தகவல்தான். இவையெல்லாம் 1830-ல் லண்டனில் அச்சான அவருடைய ராணுவ நினைவுக் குறிப்புகளில் இருக்கின்றன.

ஆறு ஆண்டுகள் ஓடின. 1801 ஜூனில், கம்பெனிக்கு எதிராக எல்லோரும் திரள வேண்டும் என்று சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையில் ஒட்டப்பட்டது. கம்பெனிப் படை சிவகங்கைச் சீமைக்குள் நுழைந்தது. அதில் ஒருவராக வந்தார் வெல்ஷ்!

சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது கம்பெனி. வாரக்கணக்கில் மரம் வெட்டியும் முடியவில்லை. புதர்களுக்குள்ளிருந்து ஊர்ப்படை அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், வேறு வழியாக வந்துதான் அக்டோபர் 1-ம் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள். தொடையில் காயத்தோடு சிக்கினார் சின்ன மருது. அக்டோபர் 24-ம் தேதி மருது சகோதரர்கள் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். தனக்கு அன்போடு பாடம் சொன்னவர் ஒரு சாதாரணக் குற்றவாளியைப் போலத் தூக்கில் தொங்கியதை, வெல்ஷ் வருத்தத்தோடுதான் பதிவு செய்திருக்கிறார்.

கதை அங்கே முடியவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது சிறுவன். 1802 பிப்ரவரியில், மற்ற கைதிகளோடு அவனையும் தூத்துக்குடியில் கப்பலேற்றி, பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, உடல் தளர்ந்த ஒரு கைதி அவர் முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த மனிதரே தன் பெயரைச் சொன்னார்: துரைசாமி. முப்பதைத் தாண்டியதும் முதியவரைப் போல ஆகியிருந்தார். அந்தப் பெயரைக் கேட்டு வெல்ஷ் நிலைகுலைந்து போனார்.

தந்தம் தங்கியது... மரம் எங்கே?

மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பரில், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென் சீமையில் கோட்டைகள் இடிபட வேண்டும், மக்கள் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது. காவல் உரிமையும் காவல்காரர்களிடமிருந்து கம்பெனிக்குப் போனது. வளரி வீசிய படை கலைந்தது. அதன் பிறகு, முயல் வேட்டையிலும் வீட்டுச் சடங்குகளிலும் மட்டும் வளரி மிஞ்சியது. கள்ளர், மறவர் திருமணங்களில் இரு வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததை 1909-ல் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர்.

அந்த அருங்காட்சியகத்துக்கு, தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து யானைத் தந்தத்தில் செய்த இரண்டு வளரிகள் வந்து சேர்ந்தன. மிக அரிய பொருள்கள். தந்தத்தில் செய்ததைத் திருடன் காலில் யாரும் வீசியிருக்கப்போவதில்லை. அரண்மனையின் கௌரவத்தைக் காட்டும் அலங்காரப் பொருளாகத்தான் இருந்திருக்க வேண்டும். வீசப்படாததால்தான் அவை முழுசாக மிஞ்சின. சிறுவயல் காட்டுக்குள் நின்ற ஆயிரக்கணக்கானவர்களின் மரத்தடிகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்? பறிபோனவை போக, மற்றவை செல்லரித்தும் அடுப்பில் எரிந்தும் போயிருக்கும்.

ஆனாலும், எல்லாமே போய்விடவில்லை. தென் மாவட்டங்களில் சில குலதெய்வக் கோயில்களில் இன்றும் வளரி பூஜையில் இருக்கிறது. சில வீடுகளில் 'தாத்தாவின் தடி' என்று பரணில் கிடக்கிறது. சுரங்க வேலைக்காக நெய்வேலிக்கு வந்து தங்கிய குடும்பங்களில் சிவகங்கை, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்தவர்களும் உண்டு. சொந்த ஊர் வீட்டைக் காலி செய்யும்போது இப்படி ஒன்று கையில் கிடைத்தால், சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

100 ஆண்டுகளைத் தாண்டிய இப்படிப்பட்ட பொருள்களை வெளிநாட்டுக்கு விற்கவோ அனுப்பவோ 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. தந்தம் என்றால், உள்நாட்டில் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. கைபட்டுத் தேய்ந்த இடம்தான், அதை எப்படிப் பிடித்தார்கள் என்பதற்குச் சாட்சி. போட்டோ எடுத்து, யாருடையது, எந்த ஊர், யார் சொன்ன தகவல் என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். கடலூர், சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்க் காட்டலாம்.

முக்கியமாக, வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டியிடம் முதலில் கேட்டுவிடுங்கள். அந்த வளைந்த கட்டையைப் பழைய சாமான்களோடு எடைக்குப் போடுவதற்கு முன்பு!