நஞ்சிடாதவன் செலுத்தும் தண்டம்

நிலத்தில் நஞ்சு தெளிப்பவன் எவரிடமும் சான்றிதழ் பெற வேண்டியதில்லை. தெளிக்காதவனே, தெளிக்கவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்கான செலவையும் அவனே சுமக்க வேண்டும். இயற்கைக் காப்பி வாணிபத்தின் நீதி இதுதான், தோழர்களே!

மெக்சிகோ நாட்டின் வஹாக்கா மலைகளை நோக்குங்கள். சபோடெக், மிஹே முதலான பழங்குடி உழவர்கள் அங்கே மரநிழலில் காப்பி பயிரிடுகின்றனர். கைப்பிடி நிலம், உரமும் மருந்தும் வாங்க வகையில்லை. பழம் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, வெயிலில் உலர்த்திய கொட்டையை அடிமாட்டு விலைக்குக் கொள்ளக் காத்திருந்தவன் தரகன். அவனைக் ‘கொயோட்டே’ என்றழைத்தனர் மக்கள். நரியையொத்த காட்டு விலங்கின் பெயர் அது. பெயர் சூட்டுவதில் ஏழை மக்கள் தவறுவதே இல்லை!

1983இல் அவ்வுழவர்கள் ‘உசிரி’ என்னும் சங்கம் கண்டனர். தரகனை ஒதுக்கி, கடல் கடந்து நேரே விற்றனர். 1988இல் நெதர்லாந்தில் ‘மாக்ஸ் ஹாவலார்’ என்னும் நியாய விலை முத்திரை பிறந்தபோது, முதலில் அதைத் தாங்கிச் சென்றது அவர்களது காப்பியே. சாவகத்து உழவரைக் காப்பிக்காகக் கசக்கிப் பிழிந்த டச்சு ஆட்சியைத் தோலுரித்த, 1860ஆம் ஆண்டு நாவலின் பெயரன்றோ அது!

மறு ஆண்டே இடி விழுந்தது. 1989 சூலையில் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதிப் பங்கீடு கைவிடப்பட்டது; சில மாதங்களில் உலக விலை ஏறத்தாழப் பாதியாய்ச் சரிந்தது. தனித்து நின்றவன் என்ன செய்வான்? சங்கத்தில் இருந்தவனுக்கோ, முத்திரையிட்டு விற்ற பங்குக்கேனும் குறைந்தபட்ச விலை உறுதியாயிருந்தது.

அத்தகைய சங்கங்களுக்குத்தான் இன்று நெருக்கடி. தனித்தனியே ஆய்வுக் கட்டணம் செலுத்த ஏழை உழவரால் இயலாது. ஆதலால் சங்கமே உறுப்பினர் நிலங்களை ஆண்டுதோறும் சோதிக்கும். வெளி ஆய்வாளர் அவற்றுள் சிலவற்றை மட்டும் மறுபடி பார்ப்பார். இக்குழுச் சான்று முறைக்கு, 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம் வரம்பு கட்டியது: ஒரு குழுவில் 2,000 பேருக்கு மேல் கூடாது. மீறினால், தனித்தனிச் சட்ட அமைப்புகளாய்ப் பிரிய வேண்டும். அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு பதிவு, வேறு கணக்கு, வேறு கட்டணம்!

கலப்படத்தைத் தடுக்க வேண்டாவா என்பர். வேண்டும், போலிச் சான்றால் முதலில் கெடுபவனும் நேர்மையான உழவனே. ஆனால் அதற்காக, முப்பதாண்டு, நாற்பதாண்டு பாடுபட்டுக் கட்டிய சங்கத்தைப் பிளப்பானேன்? முத்திரையைக் காட்டிக் கூடுதல் விலை பெறும் இறக்குமதியாளனும் வறுத்து விற்கும் கம்பெனியும் ஆய்வுக் கட்டணத்தைச் செலுத்தட்டும். சங்கம் எத்தனை பேரைக் கொள்ளலாம் என்பதைச் சங்கத்தார் முடிவு செய்யட்டும்.