மூன்றாவது வயர் எங்கே?

பழைய பெட்ரோல் போட் எஞ்சினில் பொயின்ற்ஸைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரோனிக் சென்சர் போடுவது பற்றி இந்த வார எபிசோடில் கதைத்தோம். "ரெண்டே ரெண்டு வயர், பத்து நிமிஷ வேலை" எண்டுதான் இந்தக் கிட்டுகளை விற்கினம். சிவப்பு இக்னிஷன் சுவிட்ச் பக்கம், கறுப்பு கொயிலின் நெகட்டிவுக்கு. சரி, கரண்ட் திரும்பிப் போற வழி எது? பல கிட்டுகளில் அதுக்கு வயரே இல்லை. சென்சர் பூட்டின தட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பு, எஞ்சின் புளொக் என்று அந்த இரும்பு வழியாகவே ஏர்த் கிடைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே வேர்க்‌ஷொப்பில் 'மாஸே' எண்டு சொல்லுறதும் இதைத்தான்.

என் கருத்து இதுதான்: அந்த மூன்றாவது வயர் கிட் பெட்டிக்குள்ளேயே வரவேணும். வராவிட்டால் நாங்களே போடவேணும்.

பொயின்ற்ஸுக்கும் ஏர்த் இதே வழிதான். ஆனால் அது வெறும் சுவிட்ச். ஏர்த் கொஞ்சம் மோசமானால் ஸ்பார்க் கொஞ்சம் பலவீனமாகும், அவ்வளவுதான். சென்சருக்குள் இருப்பது எலெக்ட்ரோனிக்ஸ். அது 'பூச்சியம்' என்று எடுத்துக்கொள்வது தான் பூட்டப்பட்ட தட்டைத்தான். கொயிலுக்கு 4 அம்பியர் ஓடுது, ஏர்த் வழியில் 0.1 ஓம் தடை இருக்குது எண்டு வையுங்கோ: 0.4 வோல்ட் அங்கேயே போய்விடும். எஞ்சின் அதிரும்போது அந்தத் தடை ஏறி இறங்கினால் பூச்சியமும் ஆடும், எஞ்சினும் விக்கும். பிறகு "சென்சர் பழுது" எண்டு இன்னொன்று வாங்குவோம்.

சூரிச் ஏரியில் இன்னும் ஓடும் பழைய மரப் படகுகளை நினைத்துப் பாருங்கோ. கில்ச்பெர்க்கில் 1920இல் தொடங்கிய போஷ் நிறுவனத்தின் படகுகள் போன்றவை. காரில் பொடி முழுக்க ஏர்த். மரம் கரண்டைக் கடத்தாது. எஞ்சினும் அதிலிருந்து பற்றரிக்குப் போகும் தடித்த நெகட்டிவ் கேபிளும்தான் ஒரே வழி. அந்த எஞ்சினுக்கு மேல் வருஷக்கணக்கில் பெயின்ட், அடியில் காஸ்கெட், ஈரம், துரு.

சோதிக்க ஓம் அளவை நம்பாதீர்கள். மீற்றர் அனுப்புவது மிகச் சின்னக் கரண்ட். ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் "நல்லது" எண்டு காட்டும். பில்ஜ் ஃபேனைப் போதிய நேரம் ஓடவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கோ. மீற்றரை டீசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவிலும் மற்றதை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பின் வெறும் உலோகத்திலும் பிடியுங்கோ. பூச்சியத்துக்குக் கிட்ட நிற்க வேணும். 0.2 வோல்ட் வந்தால் குற்றவாளி சென்சர் இல்லை.

வயர் போடும்போது ஒரு கவனம். போட்டுக்கான டிஸ்ட்ரிபியூட்டர், உள்ளே வரும் பொறி வெளியே இருக்கும் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டது. அதில் புதுத் துளை போடக்கூடாது. உள்ளே தட்டிலிருந்து உடம்புக்கு ஒரு குட்டி வயர். வெளியே உடம்பிலிருந்து புளொக்குக்கு இன்னொன்று. ஈயம் பூசிய செம்பு வயர், வளைய டெர்மினல், பெயின்ட் சுரண்டிய இடம். இறுக்கின பிறகு மேலே கிரீஸ்.

"இந்தத் தலையிடிக்குப் பழைய பொயின்ற்ஸே மேல்" எண்டு சில ஆக்கள் சொல்லுவினம். நான் உடன்படவில்லை. தேயாத, இடைவெளி மாறாத சென்சர் நல்ல சாமான்தான். குறை, அதை விற்கிற விதத்தில். மணித்தியாலத்துக்கு நூறு பிராங்குக்கு மேல் கூலி கேட்கும் நாட்டில், சில பிராங் பெறுமதியான ஒரு வயரும் அரைப் பக்க விளக்கமும் பெட்டிக்குள் இல்லாததால் வாடிக்கையாளர் ரெண்டாவது சென்சருக்கும் காசு கட்டுகிறார்.

காசு மட்டும் போனால் பரவாயில்லை. கரையில் செம்மஞ்சள் விளக்கு நிமிஷத்துக்கு 90 தரம் மின்னினால் புயல் எச்சரிக்கை. உடனே கரைக்குத் திரும்பவேணும். ஏரி நடுவில் எஞ்சின் விக்கக் கூடாத நேரம் அதுதான். அந்த நேரத்தில் ஆராலும் பெயின்ட் சுரண்டிக்கொண்டு இருக்க ஏலாது.