புள்ளி மட்டும் போதுமா?



உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் ஒவ்வொரு வருடமும் நாட்டில் ஒரே வாக்குவாதம் எழுகின்றது. "கூடிய புள்ளி எடுத்த கொழும்புப் பிள்ளை வெளியே நிற்க, குறைந்த புள்ளி எடுத்த புத்தளப் பிள்ளை மருத்துவபீடம் போகலாமா? புள்ளியை மட்டும் பார்த்து இடம் கொடுத்தால் என்ன?" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். நம் பெண்பிள்ளைகளின் எதிர்காலத்தோடு சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் இம்மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் இன்றைய நடைமுறையைப் பார்ப்போம். 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி, அப்பாடத்தின் சராசரியைவிட எவ்வளவு மேலே உள்ளது என்பதை இது காட்டும். சராசரி 50 ஆக உள்ள கடினமான பாடத்தில் எடுத்த 70, சராசரி 60 ஆக உள்ள இலகுவான பாடத்தில் எடுத்த 70ஐவிடப் பெறுமதி கூடியது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளது சராசரியே பிள்ளையின் இறுதிப் புள்ளி.

அதன்பின் மருத்துவம், பொறியியல் முதலிய கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் வழங்கப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கின்றது. வடக்கு, கிழக்கு மாவட்டங்களும் புத்தளமும் இந்தப் பதினாறில் அடங்கும்.

'மாவட்ட ஒதுக்கீடு' என்றதும் நம்மில் பலருக்குத் தரப்படுத்தல் என்ற பழைய காயம் நினைவுக்கு வரும். 1971ஆம் ஆண்டு அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாக இருந்தது. தமிழ்மொழி மூல மாணவருக்கோ 250 வேண்டியிருந்தது. பரீட்சை எழுதிய மொழியை வைத்து மாணவரைப் பிரித்த அந்த அநீதி, பின்னர் வந்த யுத்தத்தின் காரணங்களுள் ஒன்றானது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன. அதேவேளை, பல்கலைக்கழக வாசலை எட்டாதிருந்த பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளுக்கு வழி கிடைத்தது. மொழியைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது வேறு, வசதியின்மையைப் பார்த்து இடம் ஒதுக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

புள்ளியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பரீட்சைத் தாளில் இருப்பது சுட்டிலக்கம் மட்டுமே. தகப்பன் யார், எந்த ஊர், எந்த அரசியல்வாதியைத் தெரியும் என்று அது கேட்பதில்லை. நேர்முகத் தேர்வு என்று வந்தால் சிபாரிசுக் கடிதமும் கூடவே வரும். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் தாய்க்கு அந்தக் கடிதத்தை யார் கொடுப்பார்கள்? இன்று நம் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இதற்குப் பரீட்சையின் இந்த நடுநிலையும் ஒரு காரணம்.

ஆனால் பரீட்சை மண்டபத்துக்கு வருமுன் பிள்ளை கடந்துவந்த பாதை புள்ளியில் தெரிவதில்லை. கற்பிட்டிக்கு அப்பால், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் உச்சமுனையை எடுத்துக்கொள்வோம். மீன்பிடியை நம்பிய கரை அது. அங்குள்ள பிள்ளை உயர்தர விஞ்ஞானம் படிப்பதென்றால் வெளியே போய்த் தங்கித்தான் படிக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் படகுப் பயணமே ஆபத்து. பெண்பிள்ளை என்றால் 'எங்கே தங்கவிடுவது?' என்ற கேள்வி முதலில் வரும். அத்தோடு பல பிள்ளைகளின் படிப்பு சாதாரண தரத்துடன் நின்றுவிடுகின்றது. மாலைதோறும் ரியூசன் போகும் நகரத்துப் பிள்ளையின் புள்ளியையும் இந்தப் பிள்ளையின் புள்ளியையும் ஒரே தராசில் வைப்பது எப்படி நியாயமாகும்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் வந்து தங்கியது இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான். ஓலைக் கொட்டில்களில் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் இரட்டிப்பு உழைப்பு உண்டு.

ஆகவே மாவட்ட ஒதுக்கீடு தேவை. ஆனால் அது மட்டும் போதுமா என்பதே நமது கேள்வி. புத்தளம், சிலாபம் நகரங்களின் பெரிய பாடசாலையில் படித்தவரும் உச்சமுனைப் பிள்ளையும் ஒரே மாவட்டத்தவர். ஒரே ஒதுக்கீட்டுக்கு இருவரும் போட்டியிடுகின்றனர். பின்தங்கிய மாவட்டத்துக்குக் கிடைக்கும் சலுகை, அந்த மாவட்டத்திலேயே முன்னேறியவர் கைக்குப் போய்விடுகின்றது. அளவுகோல் மாவட்டத்தைவிடச் சிறியதாக, பாடசாலையின் நிலையையும் பார்ப்பதாக இருக்க வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரச பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 வீதம் ஒதுக்கியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல், ஒவ்வொரு பாடசாலையிலும் முதல் 10 வீதத்துள் வரும் பிள்ளைகளுக்கு மாநிலப் பல்கலைக்கழக வாசலைத் திறந்தது. இரண்டிலும் திறமைதான் பார்க்கப்படுகின்றது. ஆனால் பிள்ளை தன்னைப் போன்ற வசதியுள்ளவர்களோடு ஒப்பிடப்படுகின்றது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையில் 1,66,000 பேருக்கு மேல் தகுதி பெற்றனர். அவர்களில் சுமார் 45,000 பேருக்கே இடமிருந்தது. இடங்களும், கிராமப் பாடசாலைகளில் விஞ்ஞான, கணித ஆசிரியர்களும் கூடாதவரை எந்த முறை வந்தாலும் கண்ணீர் இருக்கவே செய்யும்.

சகோதரிகளே, சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் பிள்ளை எங்கே படித்தது என்பது முக்கியமாகப் பார்க்கப்படுகின்றது. மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையில் வாழும் குடும்பங்கள் இடையில் பாடசாலை மாற்றுமுன் அதிபரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாந்தம் வெளியிடும் கைநூலை ஊரில் நான்கு தாய்மார் சேர்ந்தாவது வாங்கிப் பிள்ளைகளுடன் படியுங்கள். விண்ணப்பத்தில் இரண்டு மூன்று கற்கைநெறிகளோடு நிறுத்தாமல், தகுதியுள்ள அனைத்தையும் விருப்ப ஒழுங்கில் நிரப்பச் சொல்லுங்கள். இடம் கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. அங்கே இசட் புள்ளி கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரண தரத்துடன் மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். எந்த ஒதுக்கீடும் பரீட்சை எழுதிய பிள்ளைக்குத்தான் உதவும். தங்குமிடம்தான் பிரச்சினை என்றால் உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள். கற்பிட்டியிலோ புத்தளத்திலோ இருக்கும் நம்பிக்கையான ஒரு குடும்பத்தைச் சங்கம் தேடிக் கொடுக்கலாம்.