கூடத்துக்குள் ஒரு ரயில்

குழந்தைக்குப் பிறந்த நாள் என்றால் முன்பெல்லாம் வீட்டில் என்ன நடக்கும்? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, கோயிலில் ஓர் அர்ச்சனை. வீட்டில் ஒரு பாயசம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு சாக்லேட். அத்தோடு சரி. இப்போது 'தீம்' என்ன என்று கேட்கிறார்கள்! கேட்பது விருந்தாளிகள் அல்ல; பிறந்த நாள் கொண்டாடப்போகும் ஐந்து வயது, ஆறு வயதுப் பிரமுகர்களே கேட்கிறார்கள். பக்கத்துப் பெஞ்சுப் பையன் வீட்டில் ஹாலையே காடாக்கினார்களாம். முன் பெஞ்சுப் பெண்ணுக்கு அரண்மனையாம். நமக்கு என்ன, அம்மா?

இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள், சகோதரிகளே! இரண்டு நாற்காலியும் ஒரு போர்வையும் கிடைத்தால் குழந்தைகள் வீடு கட்டிவிடுகிறார்கள் அல்லவா? கூடத்தையே வேறொன்றாக மாற்றிப் பார்க்கும் ஆசை அவர்களுக்குப் பிறவியிலேயே உண்டு. கஷ்டம் எங்கே வருகிறதென்றால், அந்த விளையாட்டை நாம் குத்தகைக்கு விட்டுவிடுகிறோம். அலங்காரக்காரர் வருகிறார், இரும்புச் சட்டத்தை நிறுத்துகிறார், பலூன்களை வளைவாகக் கட்டுகிறார், ராத்திரி பத்து மணிக்கு அவிழ்த்துக்கொண்டு போகிறார். குழந்தை அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதுதான் மிச்சம். தொடக்கூட விடமாட்டோம்; தொட்டால் சரிந்துவிடுமே!

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம். கணவர் தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மனைவி வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். பையனுக்கு மே மாதக் கடைசியில் ஆறு வயது நிறைந்தது. மே மாதக் கடைசி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஜூன் பிறந்ததும் பள்ளிக்கூடச் சம்பளம், புத்தகம், சீருடை, செருப்பு எல்லாம் வரிசையாக வந்து வாசலில் நிற்கும். அலங்காரக்காரர் கேட்ட தொகையோ அவர்கள் வீட்டு ஒரு மாத வாடகைக்கு மேல்.

"கார்டிலே போட்டுட்டு மாசாமாசம் கட்டிக்கலாமே, ஒரே பிள்ளை" என்றாராம் கணவர்.

"மாசாமாசம் கட்டறது ஏற்கெனவே மூணு இருக்குங்க. நாலாவதா இவன் பிறந்த நாளுமா?" என்றாளாம் அவள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை சரியாக இல்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்க பத்திரிகையிலே எழுதறவங்க. ஏதாவது யோசனை சொல்லுங்க. அவன் முகம் வாடவும் கூடாது. ஜூன் மாசப் பணத்திலே கை வைக்கவும் கூடாது."

பையனைக் கூப்பிட்டு அவனுக்கு எதில் பிரியம் என்று கேட்டோம். இதுதான் முதல் காரியம். கடையில் என்ன படம் கிடைக்கிறது என்று பார்க்கப் போகக் கூடாது. குழந்தை இந்த மாதம் எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். அவன் யோசிக்கவே இல்லை. "ரயில்!" என்றான். ஆச்சரியமில்லை. நாங்கள் இருப்பது பெரம்பூர்ப் பக்கம். 1955 முதல் ரயில் பெட்டி செய்துவரும் தொழிற்சாலை இருக்கும் ஊர். அவன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம்.

ரயில் என்று முடிவானதும் நிறங்களும் முடிவாகிவிட்டன. கொடிக்குச் சிவப்பும் பச்சையும், ஸ்டேஷன் பலகைக்கு மஞ்சள், பெட்டிகளுக்குச் செங்காவி. வேறு நிறம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சிக்கனத்தின் ரகசியம் பாதி இதிலே இருக்கிறது. பத்து நிறத்தில் பத்துச் சாமான் வாங்கித் தொங்கவிட்டால் கடைத் தெருப் போல் இருக்கும். நிறத்தைக் குறைத்துவிட்டால் பழைய செய்தித்தாளில் வெட்டிய சக்கரம்கூட எடுப்பாகத் தெரியும்.

முதலில் செய்தது பலகை. நம் ரயில் நிலையங்களில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஒரு வரி இருக்கும். அதை எத்தனை பேர் கவனித்தீர்களோ! பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து, மேலே மஞ்சள் சார்ட் தாளை ஒட்டி, ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் பையனின் பெயரை எழுதினோம். அடியில்: 'தரை மட்டத்துக்கு மேல் 112 சென்டிமீட்டர்.' கதவில் சாய்த்து நிறுத்தி அளந்த அவன் உயரம்தான். அன்று சாயங்காலம் மட்டும் நாலு தடவை தன்னை அளக்கச் சொன்னான்.

அடுத்தது ரயில். மளிகைக் கடையில் பிஸ்கட் வரும் அட்டைப்பெட்டிகளைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சில கடைக்காரர் ஐந்தோ பத்தோ கேட்பார். ஒரே அளவாக ஆறு பெட்டி. வயதுக்கு ஒன்று! வர்ணத்துக்குக் கடைக்குப் போகவே வேண்டாம். கோலத்துக்குப் பூசும் காவிக்கட்டியை ஊறவைத்துக் கரைத்து, அதில் இரண்டு கரண்டி பசையைக் கலந்து பூசினால் அசல் செங்காவி. பசை கலக்காவிட்டால் வந்தவர்கள் புடவையெல்லாம் காவியாகிவிடும், ஜாக்கிரதை. முன்னாளில் நம் ரயில் பெட்டிகள் பெரும்பாலும் இந்த நிறம்தான். 1990களுக்குப் பிறகுதான் நீலம் பரவியது. ஆனால் பையன் ஒப்பவில்லை. அவனுக்கு 2019-ல் ஓட ஆரம்பித்த வந்தே பாரத் வேண்டுமாம். வெள்ளை வெளேரென்று வேண்டுமாம். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. முகப்பு மட்டும் வெள்ளைத் தாளில் வந்தே பாரத். பின்னால் ஆறும் செங்காவி. ரயில்வே இலாகா இதை ஒப்புக்கொள்ளாது. பையன் ஒப்புக்கொண்டான்.

ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று ஜன்னல். முதல் பெட்டி ஜன்னல்களில் அவன் தொட்டிலில் கிடந்த வயதுப் படங்கள்; ஆறாவது பெட்டியில் இந்த வருஷத்துப் படங்கள். கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் தூங்கும் படங்களில் 18-ஐப் பொறுக்கிச் சிறிய அளவில் அச்சிட்டு வாங்கினாள். செலவு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். சக்கரத்துக்குச் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் வரைந்து கறுப்புக் காகிதத்தில் வெட்டினோம்.

இந்த ரயிலை எங்கே நிறுத்தினோம் என்பது முக்கியம். சுவரோரம், தரையிலேயே. பெரியவர்கள் அலங்காரம் செய்தால் தங்கள் தலைக்கு மேலே பார்த்துத்தான் செய்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் கட்டுவதெல்லாம் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும்தான்! விருந்துக்கு வந்த குழந்தைகள் அன்று செய்த முதல் காரியம், மண்டியிட்டு ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்ததுதான்.

தண்டவாளம் எங்கே என்கிறீர்களா? கோலம் போடத் தெரிந்த கைக்கு அது ஒரு கஷ்டமா? வாசல் நிலையிலிருந்து கூடத்து ரயில் வரை இரண்டு இழை, குறுக்கே கட்டைகள். அகலப்பாதை என்பது 1676 மில்லிமீட்டர். நம் வீட்டுக்கு அது தாங்காது, ஒரு முழம் போதும். உலர்ந்த கோலமாவில் போடாதீர்கள். மின்விசிறியைப் போட்டால் பறக்கும்; வழவழப்பான டைல்ஸ் தரையில் ஓடுகிற குழந்தை வழுக்கி விழும். அரிசியை அரைத்து மாக்கோலமாகப் போட்டுக் காயவிடுங்கள்.

கொடிகளுக்குப் பட்டம் செய்யும் காகிதம் சிவப்பில் இரண்டு, பச்சையில் இரண்டு. ஒரு தாளை எட்டுக் கட்டமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மூலைக்கு மூலை வெட்டினால் 16 முக்கோணம். சணல் கயிற்றில் மடித்து ஒட்டினால் தோரணம் தயார். இதற்காகப் பாரிமுனை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளுக்குப் புறப்பட வேண்டாம். நாலு தாளுக்குப் பஸ் செலவுதான் அதிகமாகும். தெருக்கோடி ஸ்டேஷனரிக் கடையே போதும். பிளாஸ்டிக் கொடி வாங்கலாமே என்று யாராவது சொன்னால், 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை என்று சொல்லுங்கள். 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் அலங்காரத் தெர்மாகோலுக்கும் பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சிக்கும் தடை. ஆனாலும் விற்கிறவர்கள் விற்கத்தான் செய்கிறார்கள். வாசலில் மாவிலைத் தோரணத்தை மட்டும் விட்டுவிடவில்லை. அது பச்சைக் கொடிக் கணக்கில் சேர்ந்துவிட்டது!

அழைப்பிதழ் என்ன? அந்தக் காலத்து அட்டை டிக்கெட்! இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் 1830களில் கொண்டுவந்த சின்ன அட்டை. நம் தாத்தா பாட்டிகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பிரயாணம் செய்தார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் அதைப்போல இரண்டு பங்கு பெரிதாக வெட்டி, புறப்படும் நேரம் மாலை 5-30 என்று பையனே எழுதினான். எழுத்து கோணல்தான். திருத்த வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். விருந்தன்று வாசலில் அப்பாவின் கறுப்புக் கோட்டில் நின்று, ஒவ்வொரு டிக்கெட்டிலும் துளை போட்டு உள்ளே விட்டவனும் அவனே.

சாப்பாட்டையும் அலங்காரத்தோடு சேர்த்துவிட்டோம். புளியோதரையும் தயிர் சாதமும் வாழையிலைப் பொட்டலமாகக் கட்டி, ஒரு கூடையில் வைத்து, தாத்தா பிளாட்பாரத்தில் விற்பதுபோல் கூவிக்கொண்டே வந்தார். மனிதர் பிரமாதப்படுத்திவிட்டார்! அவரை உட்கார வைக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

எல்லாம் சரியாக நடந்தது என்று பூசி மெழுகமாட்டேன். ஒரு சிறுமி உள்ளே வந்ததும், "பலூன் ஆர்ச் எங்கே, ஆன்ட்டி?" என்று உரக்கக் கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பையன்தான் பதில் சொன்னான். "இது ஸ்டேஷன். ஸ்டேஷனிலே ஏது பலூன்?" அந்தச் சிறுமி ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "அப்போ நான் கார்டு!" என்று பச்சைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டாள். அதை அவளிடமிருந்து திரும்ப வாங்க முடியவில்லை. காவிக்கட்டி முதல் போட்டோ வரை, சாப்பாடு நீங்கலாக மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

பலூன் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெடித்த பலூன் துண்டைச் சின்னக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் மூச்சுக் குழலை அடைத்துவிடும், விளையாட்டல்ல. மேலே பறக்கும் பலூனில் மலிவுக்காக ஹைட்ரஜன் வாயுவை அடைத்து விற்பவர்களும் உண்டு. மெழுகுவர்த்தி பக்கத்தில் வந்தால் குப்பென்று பற்றும். கேக் வெட்டும்போது பீய்ச்சுகிறார்களே நுரை, அதையும் எரியும் திரியின் அருகே கொண்டுபோகாதீர்கள். பல டப்பாக்களில் எளிதில் தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது. காகிதத் தோரணமும் கேக் மேஜைக்கு எட்டத் தள்ளியே இருக்கட்டும்.

உங்கள் குழந்தைக்கு ரயில் பிடிக்காவிட்டால் கடல் இருக்கிறது. நீல நூல் புடவை ஒன்றைச் சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, ஜிகினா வைத்த கல்யாணப் பத்திரிகைகளில் மீன் வெட்டிக் குத்துங்கள். தோட்டம் பிடிக்குமானால் தொட்டிச் செடிகளைக் கூடத்துக்குக் கொண்டுவந்து நடுநடுவே காகிதப் பட்டாம்பூச்சி வையுங்கள். பெண் குழந்தை என்பதற்காக ரயிலை ஒதுக்க வேண்டாம்; அந்தக் கொடிக்காரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் ஒரு வாரம் முன்னதாக ஆரம்பியுங்கள். தினம் சாயங்காலம் 20 நிமிஷம் போதும். அதற்கு மேல் குழந்தை உட்காராது, உங்களுக்கும் பொறுமை இருக்காது. வெட்டுவது நீங்கள், ஒட்டுவது அவன். பசை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இரண்டு மேஜைக் கரண்டி மைதாவை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சிறு தீயில் வைத்துக் கண்ணாடிபோல் ஆகும் வரை கிளறவேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் கூடவே கூடாது.

விருந்து முடிந்தபின் அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம். படங்களைப் பிரித்து எடுத்து ஆல்பத்தில் ஒட்டலாம். ஸ்டேஷன் பலகையை மட்டும் அலமாரிக்குப் பின்னால் செருகி வையுங்கள். அடுத்த வருஷம் உயரத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டித் திருத்திக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் பசையை ராத்திரியே கொட்டிப் பாத்திரத்தை ஊறப்போட்டுவிடுங்கள். மே மாத வெயிலில் மறுநாளே புளித்து நாறும்; ஒட்டிக் காய்ந்ததைச் சுரண்டுவது கொடிக்காரியிடம் கொடியை வாங்குவதைவிடக் கஷ்டம்.