‘ராமன் விளைவு’ என்று தேடினால் ராமன் கிடைப்பாரா?

திருச்சியில் பிறந்த சி.வி.ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது ‘ராமன் விளைவு’. அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அவரும், வத்திராயிருப்புக்காரரான கே.எஸ்.கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய குறிப்பு 1928 மார்ச் 31 அன்று ‘நேச்சர்’ இதழில் வெளியானது. இன்று ஒரு கல்லூரி மாணவி நூலகக் கணினி முன் உட்கார்ந்து, ‘ராமன் விளைவு’ என்ற சொற்கள் தலைப்பில் உள்ள கட்டுரைகளைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் பக்கமாக வந்து கொட்டும். ஆனால், எல்லாவற்றுக்கும் தாயான அந்தக் குறிப்பு மட்டும் வராது!

காரணம், அதன் தலைப்பு ‘எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன்’. அதாவது, ‘புதுவகையான இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு’. அதில் ராமனும் இல்லை, விளைவும் இல்லை. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் பிற்பாடு சூட்டினார்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.சந்திரசேகரின் கதையும் இதேதான். ‘சந்திரசேகர் எல்லை’க்கு வித்திட்ட அவருடைய 1931-ம் ஆண்டுக் கட்டுரை இரண்டே பக்கம். ‘இலட்சிய வெண்குறு விண்மீன்களின் உச்ச நிறை’ என்பதுதான் தலைப்பின் பொருள். அங்கேயும் பெயர் இல்லை.

தேடுகிறவரின் சொல் ஒன்று. எழுதியவரின் சொல் வேறொன்று. ப்ராஜெக்ட்டுக்காக இரவெல்லாம் தேடியும் ‘ஒண்ணுமே கிடைக்கல’ என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கட்டுரை இருக்கிறது. வேறு பெயரில் இருக்கிறது.

பாலம் போட்டவர்கள்

இந்தச் சிக்கல் கணினிக்கும் முந்தையது. 1884-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் பட்லர் ஜான்சன் என்ற சிவில் இன்ஜினீயரிங் பேராசிரியர், பொறியியல் இதழ்களில் வரும் கட்டுரைகளுக்குச் சிறு குறிப்பு எழுதித் தொகுக்கத் தொடங்கினார். அதுதான் ‘இன்ஜினீயரிங் இண்டெக்ஸ்’. 1898-ல் லண்டனில் மின்பொறியாளர்களின் சங்கம், இயற்பியல் சங்கத்துடன் சேர்ந்து ‘சயின்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்ற இதழைத் தொடங்கியது. 1903-ல் அது இயற்பியலுக்கு ஒன்று, மின்பொறியியலுக்கு ஒன்று என இரண்டானது. 1960-களின் இறுதியில் அதுவே கணினிக்கு மாறி ‘இன்ஸ்பெக்’ ஆனது. இன்று அதில் 2 கோடிக்கும் அதிகமான பதிவுகள் உள்ளன.

இன்ஸ்பெக்கில் முழுக் கட்டுரை இருக்காது. தலைப்பு, ஆசிரியர்கள், இதழ், சுருக்கம் ஆகியவை இருக்கும். அவற்றோடு, இது எதைப் பற்றியது என்று சொல்லும் ‘பொருள் தலைப்பு’ ஒன்றும் இருக்கும். எழுதியவர் என்ன சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், ஒரே விஷயத்தைப் பற்றிய கட்டுரைகள் ஒரே பொருள் தலைப்பின் கீழ் வந்து சேரும். தேடுகிறவருக்கும் எழுதியவருக்கும் நடுவில் உள்ள பாலம் அதுதான்.

தூசி என்றால் தூசி மட்டுமல்ல

ஒரு நிஜமான உதாரணம். சோலார் பேனலில் தூசி படிந்தால் மின்சாரம் எவ்வளவு குறையும்? இறுதியாண்டு மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு இது. எல்லோரும் ‘சோலார் பேனல் டஸ்ட்’ என்றுதான் தேடுவார்கள். கொஞ்சம் கிடைக்கும். ஆனால், இந்தத் துறைக்காரர்கள் புழங்கும் சொல் ‘சாயிலிங்’, அழுக்குப் படிதல். பேனலையும் அவர்கள் ‘ஃபோட்டோவோல்டாயிக் மாட்யூல்’ என்பார்கள். இந்த இரண்டு சொற்களும் தெரியாதவருக்குப் பாதி நூலகம் பூட்டியே கிடக்கும்.

சரி, இந்தச் சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

* முதலில் தெரிந்த சொல்லிலேயே தேடி, பொருத்தமான ஒரே ஒரு கட்டுரையைப் பிடிக்க வேண்டும். அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்புகளையும் குறிச்சொற்களையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அவற்றை வைத்து மறுபடி தேட வேண்டும்.

* ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’, வெவ்வேறு கருத்துகளுக்கு நடுவே ‘அண்ட்’. ‘டஸ்ட் ஆர் சாயிலிங்’ என்பதை ஓர் அடைப்புக்குறிக்குள்ளும், ‘சோலார் பேனல் ஆர் ஃபோட்டோவோல்டாயிக்’ என்பதை இன்னொன்றிலும் போட்டு, நடுவில் ‘அண்ட்’ போட்டால் தேடல் தயார்.

* சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரக் குறி போட்டால், அந்தச் சொல்லின் எல்லா வடிவங்களும் வரும். ஆனால், ‘சாயிலிங்’கை ‘சாயில்’ வரை வெட்டினால் விவசாய மண்ணெல்லாம் வந்து கொட்டும். எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

* பிரிட்டிஷ்காரருக்கு ‘அலுமினியம்’, அமெரிக்கருக்கு ‘அலுமினம்’. இரண்டையும் போட வேண்டும். ‘செல்’ என்று மட்டும் போட்டால் பேட்டரியும் வரும், உடலின் உயிரணுவும் வரும், கைப்பேசியும் வரும். கூடவே துறையையும் சொல்லிவிட வேண்டும்.

* ஆரம்பத்தில் ‘ரிவ்யூ’ கட்டுரைகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது நல்லது. அதுவரை நடந்த வேலைகளை யாரோ ஒருவர் தொகுத்து வைத்திருப்பார். இன்ஸ்பெக்கில் ‘சோதனை’, ‘கோட்பாடு’, ‘பொது மதிப்பீடு’ என்று வகை பிரித்தே தேடலாம்.

* நல்ல கட்டுரை கிடைத்ததும், அது யாரையெல்லாம் மேற்கோள் காட்டுகிறது என்று பின்னோக்கிப் போகலாம். அதை யாரெல்லாம் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று முன்னோக்கியும் போகலாம்.

ஏ.ஐ. கேட்டால் தருமே?

தரும். இல்லாததையும் தரும். அதுதான் பிரச்னை. 2023-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்தார்கள். அப்படித் தீர்ப்புகளே உலகத்தில் இல்லை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே ஆபத்து உண்டு. இதழின் பெயர் நிஜமாக இருக்கும், ஆசிரியர் பெயரும் நிஜமாக இருக்கும், கட்டுரை மட்டும் கற்பனையாக இருக்கும். வைவாவில் தேர்வாளர் ‘இதை எடுத்துக் காட்டுங்கள்’ என்றால் என்ன செய்வது?

தப்பிக்க எளிய வழி டி.ஓ.ஐ. எண். கட்டுரையின் ஆதார் எண் மாதிரி அது. ‘டி.ஓ.ஐ. டாட் ஆர்க்’ தளத்தில் அதைப் போட்டால் நேராக அந்தக் கட்டுரைக்கே போய் நிற்க வேண்டும். வேறெங்கோ போனாலோ, எங்கேயும் போகவில்லை என்றாலோ சந்தேகப்பட வேண்டும்.

நிஜமான கட்டுரையும் பிற்பாடு செல்லாமல் போகலாம். அறை வெப்பநிலையிலேயே ஒரு பொருள் மின்தடை இல்லாத மீக்கடத்தியானது என்று 2020-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை உலகையே பரபரப்பாக்கியது. தரவுகளைக் கையாண்ட விதத்தில் கேள்வி எழுந்ததால், 2022-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப்-க்கு அந்தச் செய்தி தெரியாது. இதழின் சொந்தப் பக்கத்துக்குப் போனால், திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு கண்ணில் படும். இடிந்த சுவரின் மேல் ஒரு வருட உழைப்பைக் கட்டாமல் இருக்க, இந்த இரண்டு நிமிடச் சோதனை போதும்.

காசு யார் கொடுப்பது?

ஒரு கட்டுரையைத் திறக்கப் போனால் சில ஆயிரம் ரூபாய் கேட்கும் பக்கம் வந்து நிற்கும். அவசரப்பட்டு யாரும் பணம் கட்ட வேண்டாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசின் திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களுக்காக 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், ஐ.இ.இ.இ. எல்லாம் இதில் உண்டு. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்குமான திட்டம் இது. அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு, அப்பா அம்மா கட்டிய வரியிலேயே சந்தா கட்டியாகிவிட்டது.

தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் வழி இருக்கிறது. 1991-ல் பால் ஜின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ தளத்தில், இதழில் வருவதற்கு முந்தைய வடிவில் கட்டுரைகள் இலவசம். வானியலுக்கும் இயற்பியலுக்கும் நாசாவின் ஏ.டி.எஸ். தளம் இலவசம். சந்திரசேகரின் அந்த இரண்டு பக்கத்தையும் அங்கேயே படிக்கலாம். ராமன் 1934-ல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமியின் தளத்தில், இயற்பியலுக்கான ‘பிரமாணா’, பொறியியலுக்கான ‘சாதனா’ இதழ்கள் இருக்கின்றன. எதுவும் கிடைக்கவில்லையென்றால், கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல். தங்கள் கட்டுரையை ஒரு மாணவர் கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே அனுப்பிவைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கல்லூரி நூலகரிடம் போய் ஒரு தடவை கேட்டுவிடுவது உத்தமம். எதற்கெல்லாம் சந்தா இருக்கிறது, வீட்டிலிருந்தே திறக்க முடியுமா, எந்தத் துறையில் எந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் பார்க்கிற முகமாக அவர் இருந்துவிடக் கூடாது. ‘சார், தலைப்பு இதுதான். எந்தச் சொல்லில் தேடணும்?’ என்று கேட்டாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும்.