சன்னதில் இல்லாதவர்கள்

திருச்சுழிப் பக்கம் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் 'சமஸ்தானத்துக் காலத்துல' என்றுதான் ஆரம்பிப்பார்கள். கண்மாய் வெட்டினார்கள், சத்திரம் கட்டினார்கள், விவேகானந்தர் சிகாகோ போக உதவினார்கள். இருக்கட்டும். அந்த நிலத்தை யார் யாருக்குக் கொடுத்தது?

1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 1803-ல் அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியாருக்கு நிரந்தர ஜமீன் சன்னது கொடுத்தது. வருடா வருடம் பேஷ்குஷ் கட்ட வேண்டும். கட்டினால் சீமை பரம்பரைச் சொத்து. அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி எல்லாம் அதற்குள் அடக்கம். கடல் கடந்து வந்த வியாபாரி எழுதிக் கொடுத்த காகிதத்தைத்தான் நாம் ராஜ பரம்பரை என்று கொண்டாடுகிறோம்.

கலிபோர்னியாவிலும் இதுவே நடந்தது. 1784-ல் ஸ்பெயின் மன்னரின் பெயரால் ஓய்வுபெற்ற சிப்பாய் ஹுவான் ஹோசே டொமிங்கஸுக்கு சான் பெட்ரோ பண்ணை தரப்பட்டது. சுமார் 75,000 ஏக்கர், தோங்வா பழங்குடிகள் வாழ்ந்த மண். பிறகு அமெரிக்கா அந்நாட்டைப் பிடித்தது. 1858-ல் அந்த அரசும் டொமிங்கஸ் குடும்பத்துக்கே பட்டாவை உறுதி செய்தது. கொடி மாறியதே தவிர, தோங்வாக்களுக்கு நிலம் திரும்பவில்லை.

நம் ஊரில் இதோடு சாதியும் சேர்ந்துகொண்டது. ஜமீன் என்றால் நிலம் மட்டுமல்ல, கோயிலும்தான். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தபோது, அறங்காவலர் என்ற உரிமையில் வழக்குத் தொடுத்தவர் ராமநாதபுரம் ராஜா. 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்கள் தோற்றார்கள். கையில் காசும் கடையும் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் சேரியின் நிலைமை என்ன?

1892-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பின் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. அதில் கொடுக்கப்பட்டவை அரசுத் தரிசுகள். ஜமீன் தரிசு அரசுடையது அல்ல, ஜமீன்தாருடையது. பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடும் தோழர்களோடு நிற்கிறோம். ஆனால் பறிகொடுப்பதற்குக்கூட நிலம் கிடைக்காத சீமை இது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே 1908-ல் எஸ்டேட் நிலச் சட்டம் வந்தது. குடியானவருக்கு அனுபோக உரிமை கிடைத்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதே குடியானவருக்கு ரயத்துவாரிப் பட்டா. ஜமீன்தாருக்கு நஷ்ட ஈடு, பண்ணை நிலத்துக்குப் பட்டாவும் உண்டு. அந்தக் கரிசலில் ஏர் பிடித்த, களை எடுத்த, கதிர் அறுத்த தேவேந்திரர், பறையர், அருந்ததியரில் பெரும்பாலோர் கணக்குப் புத்தகத்தில் 'குடியானவர்' இல்லை, கூலி. கூலிக்கு ஏது பட்டா? ஒழிந்தது ஜமீன்தான். ஜமீன் வகுத்த வரிசை அப்படியே பதிவேட்டில் ஏறியது.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். 2016-ல் கமுதி அருகே சுமார் 2,500 ஏக்கரில் அதானியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. வானம் பார்த்த பூமிக்கு விலை வந்தால் அது பட்டாதாரருக்குத்தான் போகும். அங்கே ஆடு மேய்த்தவருக்கும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவருக்கும் விற்பதற்கு என்ன இருந்தது?

சமூகநீதி பேசும் அரசு முதலில் ஒரு கணக்கைச் சொல்லட்டும்: 1948 சட்டப்படி ராமநாதபுரம் ஜமீன் கிராமங்களில் வழங்கிய பட்டாக்களில், ஊருக்கு ஊர், சேரிக்கு எத்தனை? அடுத்த சோலார் பூங்காவுக்குப் புறம்போக்கை அளக்கச் சங்கிலியைத் தூக்குமுன் அந்தப் பட்டியல் வரட்டும்.